பெந்தெகொஸ்தே விடுமுறையில் ஹாலே

வெள்ளிக்கிழமை

முதுநிலைப் படிப்புக்காக டிரெஸ்டனில் இருந்த காலத்தில் பெர்லின், பிராக், வியன்னா என்று ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். "எந்த ஊர் ரொம்பப் பிடிச்சது?" என்று யாராவது கேட்டால் ஹாலே என்பேன். கேட்டவர்கள் விழிப்பார்கள். என்னோடு படித்த ஜெர்மன் பிள்ளைகளே, "ஹாலேயா? அங்கே ரயில் மாறத்தானே போவாங்க?" என்று சிரித்திருக்கிறார்கள். 2023 மே மாதக் கடைசியில் போய் வந்தேன். அப்போது ஒரு நோட்டில் கிறுக்கி வைத்ததைப் பார்த்து, நாளுக்கு ஒன்றாக எழுதுகிறேன்.

பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி எங்களுக்கு வகுப்பு கிடையாது. அந்த மே மாதம்தான் 49 யூரோ டிக்கெட் வேறு வந்திருந்தது. அப்போது மாதம் அந்தத் தொகையைக் கட்டிவிட்டால் நாடு முழுக்க வட்டார ரயில், டிராம், பஸ் எதில் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். அதிவேக ரயிலில் மட்டும் கூடாது. மாணவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? எல்லோரும் ஆளுக்கொரு திசையில் கிளம்பினார்கள். நான் ஹாலேயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நான் மயிலாடுதுறைக்காரி என்பதுதான். எங்கள் பள்ளியில் சுற்றுலா என்றால் தரங்கம்பாடி. டேனிஷ் கோட்டை, கடல் அரித்த மாசிலாமணி நாதர் கோயில், ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம், அதற்குள் அவருடைய கல்லறை. 1706 ஜூலை 9 அன்று அவர் வந்து இறங்கினார் என்பது கேள்வித்தாளில் தவறாமல் வரும். அந்த மனிதர் படித்த ஊர் ஹாலே. அவர் தரங்கம்பாடியில் இருந்து கடிதமும் சுவடியும் அனுப்பியதும் இந்த ஊருக்குத்தான்.

டிரெஸ்டனிலிருந்து லைப்சிக் வரை ஒரு ரயில், அங்கிருந்து ஹாலேவுக்கு இன்னொன்று. லைப்சிக்கில் இறங்கினால் ஸ்டேஷன் முழுக்கக் கறுப்பு. கறுப்புக் கவுன், கறுப்புக் குடை, முகத்தில் வெள்ளை மாவு, காலில் ஒரு சாண் உயரத்துக்கு அடி வைத்த பூட்ஸ். எங்கள் பாட்டி வயதிருக்கும் ஓர் அம்மா, தலையில் கறுப்பு இறகு தொப்பியோடு ஒரு தள்ளுவண்டியில் கைக்குழந்தையைத் தள்ளிக்கொண்டு போனார். குழந்தைக்கும் கறுப்புச் சட்டை. ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே சமயத்தில் லைப்சிக்கில் கூடும் கோதிக் இசை விழாவாம் அது. உலகம் முழுவதிலுமிருந்து பல்லாயிரம் பேர் வருவார்கள் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் இருந்தது. அதற்குள் கீழே சுரங்கத்தில் ஹாலே ரயில் வந்துவிட்டது.

ஸ்டேஷனில் அக்கா காத்திருந்தார். அக்கா என்றால் சொந்தமில்லை. கும்பகோணத்துக்காரர், ஹாலேயில் ஆய்வு மாணவி. தெரிந்தவர்கள் மூலமாகத் தெரிந்தவர். அதற்கு முன் இரண்டு தடவை போனில் பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். "என்னடி இவ்ளோ பெரிய பை? குடிவர்றியா?" என்றார். "உள்ள புளி, மல்லித்தூள், ரெண்டு கிலோ பொன்னி அரிசி இருக்குக்கா" என்றதும் பையை அவரே வாங்கிக்கொண்டார்.

மே மாதக் கடைசியில் அங்கே ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். பையை வீட்டில் போட்டுவிட்டு நேராகச் சந்தைச் சதுக்கத்துக்கு நடந்தோம். ஐந்து கோபுரங்களின் ஊர் என்று ஹாலேவைச் சொல்வார்கள். ஐந்தும் அந்தச் சதுக்கத்திலேயே நிற்கின்றன. தனியாக நிற்பது சிவப்புக் கோபுரம். 84 மீட்டர், 1418இல் தொடங்கிக் கட்டி முடிக்க 1506 ஆகிவிட்டது. உள்ளே 76 மணிகள் கொண்ட பெரிய வாத்தியமே இருக்கிறது. மற்ற நான்கும் ஒரே தேவாலயத்தின் கோபுரங்கள். ஒரே கோயிலுக்கு இரண்டு ஜோடி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத உருவத்தில், ஏன்? முன்பு அங்கே இரண்டு தேவாலயங்கள் எதிரும் புதிருமாக இருந்தனவாம். 1529இல் கார்டினல் ஆல்பிரெஹ்ட் இரண்டின் உடலையும் இடிக்கச் சொல்லி, கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, நடுவே புதிய கூடம் கட்டவைத்தார். லூதரின் சீர்திருத்தத்துக்கு எதிராகக் கத்தோலிக்கப் பக்கத்தை நிமிர்த்திக் காட்டத்தான் இத்தனை செலவு. 1546இல் லூதர் இறந்தபின் அவர் உடலை விட்டன்பெர்க்குக் கொண்டுபோகும் வழியில் இந்த ஊரில் வைத்திருந்தார்கள். அவர் முகத்தின் மெழுகு அச்சு இன்று இருப்பது அந்த எதிரி கட்டிய கோயிலுக்குள்தான்.

சதுக்கத்தின் நடுவே இசையமைப்பாளர் ஹேண்டலின் சிலை. 1685இல் இந்த ஊரில் பிறந்தவர், அதே தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். வருடாவருடம் அவர் பேரில் நடக்கும் விழாவுக்காகக் கம்பத்துக்குக் கம்பம் பதாகை தொங்கியது. சிலை முகம் கொஞ்சம் இறுமாப்போடு இருந்தது. பிறந்த ஊரில் இருக்காமல் லண்டனுக்குப் போய்ப் பேர் வாங்கியவர் ஆயிற்றே.

ராத்திரி அம்மா போன். "அந்த ஊர்ல ஒரு பயமும் இல்லையே?" என்ற கேள்வி. அம்மா எங்கோ படித்திருக்கிறார். 2019 அக்டோபரில் யூதர்களின் புனித நாளன்று ஒருவன் துப்பாக்கியோடு இந்த ஊர் ஜெபாலயத்துக்கு வந்தான். மரக்கதவு உடையவில்லை, உள்ளே இருந்தவர்கள் தப்பித்தார்கள். வெளியே இரண்டு பேரைக் கொன்றான். அந்த வழியாகத்தான் மாலையில் நடந்து வந்திருந்தோம். அம்மாவிடம் "ஒண்ணுமில்லம்மா" என்றேன். அக்கா மட்டும், போனை வைத்தபிறகு, "கடைசி டிராம்ல தனியா வராத" என்றார்.

சனிக்கிழமை

காலை எட்டு மணிக்கே அக்கா எழுப்பிவிட்டார். ஞாயிறு கடை இல்லை, திங்களும் பண்டிகை விடுமுறை. இன்றே காய்கறி வாங்காவிட்டால் இரண்டு நாள் ரொட்டிதான். ஊரே அதே யோசனையில் இருந்தது போல, சூப்பர் மார்க்கெட்டில் நிற்க இடமில்லை. சந்தைச் சதுக்கத்தில் வெள்ளை அஸ்பாரகஸ் குவித்து வைத்திருந்தார்கள். ஜூன் 24 வரைதான் அதற்குப் பருவம், அதுவரை ஜெர்மானியர்கள் அதைப்பற்றியே பேசுவார்கள். எனக்கு அதில் இன்றுவரை ஈடுபாடு வரவில்லை. அக்கா ஒரு கட்டு வாங்கிப் பொரியல் செய்தார். முருங்கைக்காயின் சதையை மட்டும் தின்கிற மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு, சீகன்பால்கு சுவடி அனுப்பிய பிராங்கே நிறுவனங்களின் வாசலில் நின்றேன். நான் வந்ததே இதற்குத்தான், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வாசல் என்று சொல்வதே தயக்கமாக இருக்கிறது. ஐரோப்பாவே பேசிய ஒரு கட்டடத்தின் முகத்துக்கு நேராக, கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஒரு மேம்பாலத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். டிராமிலிருந்து இறங்கினால் முதலில் தெரிவது கான்கிரீட் தூண். அதைத் தாண்டினால் மஞ்சளும் வெள்ளையுமாக அனாதை இல்லம்; நெற்றியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள். 1990க்கு முன் எடுத்த படங்களில் இந்தக் கட்டடங்கள் கூரை ஒழுகி, சுவர் பிதுங்கி, இன்றோ நாளையோ என்று நிற்கின்றன. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக மீட்டார்கள்.

அவுகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே ஊருக்கு வெளியே ஏழைகள் இருந்த கிளௌகா என்ற பகுதிக்குப் பாதிரியாராக வந்தவர். 1695இல் உண்டியலில் ஒரு தடவை 4 தாலரும் 16 குரோஷனும் விழுந்திருந்ததாம். அதை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698இல் அனாதை இல்லத்துக்கு அடிக்கல். 1727இல் அவர் இறக்கும்போது அங்கே 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். மருந்துக்கடை, அச்சகம், புத்தகக்கடை, மலிவு விலை பைபிள் என்று தொழில்களையும் சேர்த்தே வளர்த்து, அந்த வருமானத்தில் பள்ளியை ஓட்டினார். பக்திமான்தான், கூடவே கணக்கில் கெட்டிக்காரர். பின்புறம் நீண்டு கிடக்கும் மரச்சட்டக் கட்டடம் ஆறு மாடி, 100 மீட்டருக்கு மேல். ஐரோப்பாவிலேயே மரச்சட்டத்தில் இவ்வளவு நீளமான குடியிருப்பு வேறில்லை என்கிறார்கள். இப்போதும் அந்த வளாகத்தில் பள்ளிகள் இருக்கின்றன.

அனாதை இல்லத்தின் உச்சி மாடியில், கூரைக்கு அடியில், அதிசயப் பொருள் அறை. பிள்ளைகள் உலகத்தைக் கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டும் என்று பிராங்கே தொடங்கிய சேகரிப்பு. சங்கு, கல், பாம்பு, பாடம் செய்த பறவை, செருப்பு, உடை, கப்பல் மாதிரி எல்லாம் பழைய கண்ணாடி அலமாரிகளில் அடுக்கியிருக்கின்றன. அலமாரிகளின் தலைப்பில் அதனதன் பொருளைத் தீட்டிய சித்திரங்கள். கிரூண்ட்லர் என்ற ஓவியர் 1730களில் இறங்கிச் செய்த வேலை. மேலே உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. நடுவே பெரிய பெரிய மரவளையங்களில் இரண்டு பிரபஞ்ச மாதிரிகள்: ஒன்றில் சூரியன் நடுவில், இன்னொன்றில் பூமி நடுவில். எது சரி என்று சொல்லாமல் இரண்டையும் பிள்ளைகள் முன் வைத்த அந்த ஆசிரியரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அப்புறம் ஓர் அலமாரியில் பனையோலை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நம் எழுத்து. புள்ளி இல்லாத மெய், கால் எது ரகரம் எது என்று பிரிக்க முடியாத பழைய வடிவம், வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு படிக்கப் பார்த்தேன். நாலைந்து எழுத்துக்கு மேல் ஓடவில்லை. பின்னால் ஒரு ஜெர்மன் குடும்பம். அவர்களுடைய சின்னப் பையன் என்னைப் பார்த்து, "உங்களால இதைப் படிக்க முடியுமா?" என்று கேட்டான். "கொஞ்சம்" என்றேன். உடனே அவன் அப்பா அம்மா எல்லோரும் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். எனக்குத் தெரிந்த எழுத்துகளைக் காட்டிச் சத்தமாக வாசித்தேன். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். "ழ" இல்லாமல் போனது அவன் அதிர்ஷ்டம்.

சீகன்பால்கு தமிழ் படித்த விதமும் ஏறக்குறைய இப்படித்தான். தரங்கம்பாடியில் ஒரு வாத்தியாரைத் தன் வீட்டிலேயே திண்ணைப் பள்ளி நடத்தவைத்து, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அப்போது அவருக்கு வயது 24. இரண்டே ஆண்டில் 119 தமிழ் நூல்களுக்கு ஒரு விவரப் பட்டியல் எழுதிவிட்டார். அதே 1708இல் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனில் பெயர்த்தார். புத்தகம் தேடி ஊர் ஊராக ஆள் அனுப்பினார்; இறந்துபோன பண்டிதர்களின் மனைவிமாரிடம் மலிவாகக் கிடைத்தன என்று அவரே எழுதுகிறார். அந்த வரியைப் படித்தபோதெல்லாம் எனக்கு இரண்டு விதமாகவும் தோன்றியிருக்கிறது. புருஷனை இழந்த ஒருத்தி வீட்டில் இருந்த ஏட்டைக் கஷ்டத்துக்கு விற்றிருக்கிறாள். அதே சமயம், நம் வீட்டுப் பரணில் கிடந்த சுவடிகளைக் கரையான் என்ன செய்தது என்பதும் தெரியும். சிலதை ஆடிப்பெருக்கில் நாமே ஆற்றில் விட்டோம்.

ஹாலேவுக்கும் தரங்கம்பாடிக்கும் போக்குவரத்து ஒருவழி அல்ல. தமிழ் எழுத்துக்கான ஈய அச்சுகளை ஹாலேயில் செய்து 1713இல் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். அவை பெரிதாக இருந்ததால் காகிதம் ஏகமாகச் செலவானது. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடியை உருக்கித்தான் அதைச் செய்தார்கள் என்று சொல்வார்கள். 1714இலும் 1715இலுமாகத் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. பொறையாறில் காகிதப் பட்டறை வேறு வைத்தார்கள். பொறையாறு எங்கள் அத்தை ஊர்! அந்தப் பெயரை ஜெர்மனியில் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, "தெரியுமே" என்று அவர் தலையாட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சீகன்பால்கு ஒரே ஒரு தடவை ஐரோப்பா திரும்பினார். கப்பலில் கூடவே மலையப்பன் என்ற தமிழ் இளைஞர். 1715இல் மலையப்பன் ஹாலே வந்து இதே படிகளில் ஏறியிருக்கிறார். ஜெர்மனிக் குளிரில் முதல் குளிர்காலத்தை அவர் எப்படித் தாங்கினார், என்ன சாப்பிட்டார் என்பதுதான் எனக்கு உடனே வந்த கேள்வி. எனக்காவது ஆசியக் கடை இருந்தது. கடலில் இருந்த மாதங்களில் எழுதிய தமிழ் இலக்கணத்தை 1716இல் சீகன்பால்கு ஹாலேயில் அச்சிட்டார், லத்தீன் மொழியில்.

இதோடு நிறுத்தினால் பாட்டி கதை மாதிரி இருக்கும். நம் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதிய பெரிய நூலை ஹாலேவுக்கு அனுப்பினார். அதை அச்சிட பிராங்கே மறுத்துவிட்டார். பிற சமயத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் வாதம். அந்த நூல் வெளிவந்தது 1867இல், அதுவும் சென்னையில். பரப்ப வந்தவர் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார், அனுப்பியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. நான் கிறிஸ்தவளும் இல்லை, மிஷனரிகளின் ரசிகையும் இல்லை. ஆனால் நம்மூர்ப் பேருந்து நிறுத்தச் சாமிகள் வரைக்கும் கேட்டுக் கேட்டு எழுதிய அந்த 30 வயதுக்காரர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. தமிழர்களிடம் கேள்வி அனுப்பி, அவர்கள் எழுதிய 99 பதில் கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேயில் வெளியிட்டார்கள். ஐரோப்பியர்கள் குடிக்கிறார்கள், மாடு தின்கிறார்கள், சுத்தமாக இருப்பதில்லை, இவர்கள் எங்களுக்கு மதம் சொல்ல வந்தார்களா என்ற தொனி அவற்றில் வருகிறது. ஹாலேயில் அதை அச்சுக் கோத்தவர் முகம் எப்படி இருந்திருக்கும்!

பக்கத்துக் கட்டடத்தில் 1728இல் கட்டிய நூலகம். நாடக மேடையின் பக்கத் திரைகளைப் போல அலமாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஜெர்மனியில் நூலகத்துக்கென்றே கட்டி இன்றும் நிற்கும் மதச்சார்பற்ற கட்டடங்களில் இதுவே பழமையானது. சுவடிகளின் பெரும்பகுதி ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆய்வாளர்கள் முன்கூட்டியே எழுதிக்கேட்டுப் பார்க்கலாம்.

மாலை சாக்லேட். ஹாலோரன் தொழிற்சாலை 1804இல் தொடங்கியது, ஜெர்மனியில் இன்றும் ஓடும் சாக்லேட் ஆலைகளில் மூத்தது. அவர்களுடைய உருண்டை சாக்லேட்டின் வடிவம் இந்த ஊர் உப்புக் காய்ச்சுபவர்களின் சட்டைப் பொத்தானிலிருந்து வந்தது. இந்த ஊரே உப்பில் வளர்ந்த ஊர். நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பெரிய தட்டங்களில் காய்ச்சி எடுப்பார்கள். வேதாரண்யத்தில் வெயில் சும்மா செய்துவிடுகிற வேலைக்கு இங்கே அடுப்பெரிக்க வேண்டியிருந்திருக்கிறது. ஆலைக் கடையில் உடைந்த சாக்லேட் பை மலிவு. இரண்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை

ஊரே அடங்கிக் கிடந்தது. அக்காவுக்கு ஆய்வகத்தில் ஏதோ செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் தனியாகத் தொல்வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். வாசல் பக்கம் ஒரு நியாண்டர்தால் மனிதர் மோவாயில் கை வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு இருக்கிற கவலை நமக்கும் இருக்கும் போல.

எல்லோரும் பார்க்க வருவது நெப்ரா வானத் தட்டை. இருட்டறையில் அதன்மேல் மட்டும் விளக்கு. 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் விட்டம், இரண்டு கிலோ எடையுள்ள வெண்கலம், பச்சை பூத்திருக்கிறது. அதில் தங்கத்தில் சூரியனோ முழு நிலவோ ஒன்று, ஒரு பிறை, சிதறிய நட்சத்திரங்கள். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைத்தது. வானத்தைப் பார்த்து மனிதன் வரைந்த படங்களில் இவ்வளவு பழையது வேறு கிடைக்கவில்லை. விளிம்பில் இருக்கும் வளைவு 82 பாகை. அந்த வட்டாரத்தில் ஒரு வருடத்தில் சூரியன் உதிக்கும் இடம் வடக்கே தெற்கே நகரும் வீச்சு அது.

நட்சத்திரங்களில் ஏழு மட்டும் கொத்தாக நெருங்கி நிற்கின்றன. நம் கார்த்திகை. வெறுங்கண்ணுக்கு எங்கள் வீட்டு மாடியில் ஆறுதான் தெரியும், கதையிலும் ஆறு பெண்கள். இவர்கள் ஏழு வைத்திருக்கிறார்கள். கார்த்திகை வானத்தில் தெரிவதையும் மறைவதையும் வைத்து விதைப்பு, அறுவடைக் காலத்தைக் குறித்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நான் அந்தக் கொத்தைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றேன். காவலர் வந்து, "உங்களுக்குப் பின்னால் வரிசை வாசல் வரை இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே நகர்த்தினார்.

தட்டு கிடைத்த கதை சினிமாவை மிஞ்சும். 1999இல் நெப்ரா பக்கத்து மலையில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு போன இரண்டு திருடர்கள் தோண்டி எடுத்தார்கள். மண்வெட்டி பட்ட காயம் தட்டில் இன்னும் இருக்கிறது. மறுநாளே 31,000 மார்க்குக்குக் கை மாறியது. 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 7 லட்சம் மார்க்குக்கு விற்கப் பார்த்தவர்களை, வாங்க வந்தவர் போல நடித்த ஹரால்ட் மெல்லரும் போலீசும் சேர்ந்து பிடித்தார்கள். மெல்லர் அப்போது இந்த அருங்காட்சியகத்தின் இயக்குநர். நம் ஊர் ஐம்பொன் சிலைகள் எத்தனை இப்படி வெளிநாடு போயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லர் கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மத்தியானம் அக்காவும் அவருடைய ஆய்வக நண்பர்களும் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஸாலே ஆறு ஊருக்குள் கிளை கிளையாகப் பிரிந்து, நடுவே பைஸ்னிட்ஸ் என்ற தீவை விட்டுச் செல்கிறது. அதில் பிள்ளைகளுக்கான குட்டி ரயில் ஓடுகிறது. புல்லில் போர்வை விரித்தோம். அக்கா கட்டிவந்த புளியோதரையை ஒரு கொலம்பியப் பையன் மூன்று தட்டு சாப்பிட்டான். இதில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டான். காலி பாட்டிலைத் தேடி ஒரு முதியவர் வந்தார். பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கடையில் 25 சென்ட். எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்தோம். அக்காவுக்கு அவரை முன்பே தெரியும். பழைய இரசாயன ஆலையில் வேலை பார்த்தவராம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஸ்டாட். லோய்னா, பூனா இரசாயன ஆலைகளின் தொழிலாளர்களுக்காக 1964 முதல் எழுப்பிய அடுக்குமாடி ஊர். ஒரு காலத்தில் தனி நகரமாகவே இருந்து, 1990இல் ஹாலேயோடு சேர்ந்தது. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் தெருவுக்குப் பெயர் கிடையாதாம், எல்லாம் கட்டட எண்தானாம்; தபால்காரரின் கதியை நினைத்துப் பார்த்தேன். வாடகை மலிவு என்பதால் வெளிநாட்டு மாணவர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

சாயங்காலம் ஆற்றோரமாகவே வடக்கே நடந்து கீபிஷன்ஸ்டைன் கோட்டைக்குப் போனோம். பாறைமேல் சிதைந்த மேல்கோட்டை, அடியில் இருக்கும் கீழ்க்கோட்டை இப்போது கலைக் கல்லூரி. வெயில் சாயச் சாய ஆறு வளைந்து போவது நன்றாகத் தெரிந்தது. போகும் வழியில் அக்கா, "கேண்டர் இந்த ஊர்ல வாத்தியார்டி" என்றார். நான் படித்தது கணினி அறிவியல், ஆகவே மதிப்போடு கேட்டுக்கொண்டேன். கணக் கோட்பாட்டைத் தொடங்கிய கேயார்க் கேண்டர் 1869இலிருந்து 1918இல் இறக்கும்வரை ஹாலேயில் இருந்தார். பெர்லினில் வேலை கிடைக்கவேண்டும் என்று கடைசிவரை ஆசைப்பட்டார், கிடைக்கவில்லை. முடிவிலிகளில் பெரியதும் சிறியதும் உண்டு என்று நிரூபித்தவருக்கு இந்த ஆற்றங்கரை போதாமல் போயிருக்கிறது. எனக்குப் போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை

ரயில் மூன்று மணிக்கு. காலையில் நகரக் கல்லறைத் தோட்டம். கல்லறைக்குச் சுற்றுலாவா என்று அம்மா கேட்டிருப்பார். 1557இல் தொடங்கி இத்தாலிய பாணியில் கட்டியது. உயர்ந்த மதிலின் உட்புறம் முழுக்க 94 வளைவுகள், ஒவ்வொரு வளைவுக்குக் கீழும் ஒரு குடும்பம். பிராங்கே இங்கே இருக்கிறார், ஹேண்டலின் அப்பாவும் இருக்கிறார்.

பிராங்கேயின் வளைவுக்கு முன்னால் நின்றபோது அக்கா கிறிஸ்டியன் வோல்ஃப் கதையைச் சொன்னார். ஹாலே பல்கலைக்கழகத்தின் பேர்போன தத்துவப் பேராசிரியர். சீனர்கள் கிறிஸ்தவம் இல்லாமலேயே நல்லொழுக்கத்தோடு வாழ்ந்தார்கள் என்று 1721இல் ஓர் உரை நிகழ்த்தினார். பிராங்கேயின் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. மேலிடத்துக்குப் போட்டுக்கொடுத்து, 1723இல் அரசர் 48 மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போ, இல்லாவிட்டால் தூக்கு என்று உத்தரவிட்டார். 1740இல் அடுத்த அரசர் அழைத்தபிறகுதான் திரும்பினார். அனாதைப் பிள்ளைகளுக்கு இரண்டு பிரபஞ்ச மாதிரிகளை வாங்க வழி செய்த அதே கூட்டம் இது. அங்கே நிற்க எனக்குக் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. அதே பல்கலைக்கழகம்தான் 1754இல் டோரதேயா எர்க்ஸ்லேபனுக்கு மருத்துவப் பட்டம் கொடுத்தது, ஜெர்மனியில் அதைப் பெற்ற முதல் பெண். ஒரே ஊரை ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடிவதில்லை.

மோரிட்ஸ்பர்க் கோட்டைக்குள் ஓவிய அருங்காட்சியகம். அமெரிக்கரான லியோனல் ஃபைனிங்கரை ஊர்க்காரர்கள் ஓவியம் தீட்ட அழைத்து, கோட்டை வாசல் கோபுரத்திலேயே இடமும் கொடுத்தார்கள். 1929லிருந்து 1931வரை ஹாலேயை 11 படங்களில் வரைந்தார். கண்ணாடித் துண்டுகளை அடுக்கியது போலச் சாய்ந்து ஒளிரும் கோபுரங்கள். 1937இல் நாஜிகள் அவற்றைச் சீரழிந்த கலை என்று சொல்லி எடுத்துப் போனார்கள். சில மட்டும் திரும்பியிருக்கின்றன. வெள்ளிக்கிழமை பார்த்த சிவப்புக் கோபுரத்தை அந்தப் படத்தில் பார்த்தபின் வெளியே வந்து நிஜத்தைப் பார்த்தால், நிஜம் கொஞ்சம் சாதுவாகத் தெரிந்தது. 1945 ஏப்ரலில் குண்டு பட்டு அதன் உச்சி எரிந்து, பிறகு 1970களில் திருப்பி வைத்தார்கள். அதைத் தவிர இந்த ஊர் போரில் பெரிதாக அழியவில்லை. டிரெஸ்டனில் பழசு என்று காட்டுவதில் பாதி என்னைவிட இளையது. இங்கே தெருவில் காரை பெயர்ந்த ஒரு வீடு இருந்தால், அது நிஜமாகவே 300 வருடம் பார்த்த காரை.

ஸ்டேஷனில் அக்கா தயிர் டப்பா ஒன்றில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்தார். "அடுத்த தடவை வரும்போது அப்பளம் கொண்டா" என்றார். ரீஸா வருவதற்குள் சாதமும் ஒரு சாக்லேட் பையும் காலி.

அடுத்த சனிக்கிழமையே சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸுக்குப் போனேன், டிரெஸ்டனிலிருந்து முக்கால் மணி நேர ரயில்தான். 1558லிருந்து மசாலா கேக் சுடும் ஊர் அது. ஏலம், கிராம்பு, பட்டை வாசனை தெருவிலேயே அடிக்கும். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.